முப்பத்துநாலு என்பது எவ்வளவு

ரவிக்கையின் உள்கழுத்தில் தைத்திருக்கும் நம்பர் துண்டைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, வாயால் ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த ரவிக்கையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார் காத்தூன் பீ. முப்பத்திரண்டு போகிறது. முப்பத்தாறு போகிறது. முப்பத்துநாலு அடுத்தடுத்து மூன்று தடவை போகிறது. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு இன்னும் மாடுகள் வந்து சேரவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த முதல் பஸ் சாலையோரம் நின்று கோழிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருக்கிறது. அது கிளம்புவதற்குள் நூற்றுச் சொச்சம் ரவிக்கைகள் தங்கள் எண்ணை இழந்து, வெறும் துணியாகக் குவிந்துவிடுகின்றன.

"நம்பர் இருந்தா என்னங்க கெட்டுப் போவுது?" என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன்.

"எழுத்துப் படிக்காதவகூட எண்ணுப் படிப்பா தம்பி. படிச்சா நம்பிடுவா. நம்பி எடுத்துக்கினு போயி, அடுத்த வாரம் வந்து என்னத்தான் திட்டுவா. நம்பர் போட்டவனையா தேடிப் போயி திட்டப் போறா?"

காத்தூன் பீக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத கனத்த குரல். நான்கு மூங்கில், மேலே ஒரு தார்ப்பாய், கீழே இரண்டு சாக்கு, உட்கார ஒரு தகரப் பெட்டி: இவ்வளவுதான் கடை. மற்றத் துணிக்காரர்களைப் போல அவர் கயிறு கட்டி எதையும் தொங்கவிடுவதில்லை. "தொங்கற ரவிக்கை அத்தனையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். மாட்டினாத்தான அதுங்க புத்தி தெரியும்" என்பார். கன்னடத்தில் விலை சொல்வார், தெலுங்கில் விசாரிப்பார், தமிழில் சண்டை போடுவார். வீட்டுப் பேச்சு உருது. எந்தப் பாஷையில் ஆரம்பித்த பேரமும் தமிழில்தான் முடிகிறது.

சரக்கு கொண்டுவருவது அவருடைய கணவர் ஜமீர் அகமது. செவ்வாய்க்கிழமை பெங்களூர் பஸ் ஏறுவார். வியாழக்கிழமை மாலை மூட்டையோடு இறங்குவார். வெள்ளிக்கிழமை முழுவதும் கடைக்கு முதுகைக் காட்டி, மாட்டுச் சந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பெண்கள் ரவிக்கை வாங்கும் இடத்தில் ஆண்முகம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பது காத்தூன் பீயின் சட்டம். பன்னிரண்டு வருஷமாக ஒரு வாரம் விடாமல் மாடுகளைப் பார்த்ததில், ஜமீர் அகமது இப்போது நல்ல மாட்டுத் தரகராகவும் ஆகிவிட்டார். நான் போனால் எனக்கும் அவர் பக்கத்துச் சாக்குதான்.

தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்துவிட்டு, பொங்கலுக்குக் கொடுத்தது ஆடிக்கு வருமா என்று காத்திருந்த பெண்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். உலகச் சண்டை முடிந்த பிறகு பெங்களூரிலிருந்து தைத்த ரவிக்கை வரத் தொடங்கியது. கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்து சேர்ந்ததும் சேலத்திலிருந்தும் வந்தது. அதோடு எண்களும் வந்தன. எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்குக் காத்தூன் பீயிடம் தெளிவான விளக்கம் இருக்கிறது.

"தண்டுல தைக்கறவன் ஒடம்ப அளந்து நம்பர் போடறான்" என்று ஆரம்பிப்பார். தண்டு என்பது பெங்களூரில் பட்டாளம் இருந்த பகுதி. "சேலத்துல என் சரக்கத் தைக்கறவன் துணிய அளந்து போடறான். ஓசூர்ல ஒருத்தன் இருக்கான், அவனுக்கு அவன் பொண்டாட்டிதான் முப்பத்தாறு. அவ பெருத்தா முப்பத்தாறும் பெருக்குது. போன ஆடியில அவ காய்ச்சல்ல எளைச்சுப் போனா; எங்கிட்ட வந்த முப்பத்தாறெல்லாம் எளைச்சுப் போயி வந்துச்சு."

எண்ணை எடுத்துவிட்டால் அளவை எப்படிச் சொல்வது? அதற்கு அவர் பெண்களையே பெயராக வைத்திருக்கிறார். முதல் குவியல் ஃபகருன்னிசா. அது அவருடைய நாத்தனார், ஒடிந்து விழுகிற உடம்பு. இரண்டாவது சாந்தம்மா, சந்தை வாசலில் கத்தரிக்காய் விற்பவர், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது ராஜப்பன் வூட்டம்மா, சாந்தம்மாவைவிடச் சற்றுப் பூசின உடம்பு. நான்காவது வெங்கடம்மாள், இருபது ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரி, தேகமும் அதற்கேற்ற விஸ்தீரணம். வருகிறவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ சாந்தம்மாவுக்கு மேல, ராஜப்பன் வூட்டம்மாவுக்குக் கீழ. ராஜப்பன் வூட்டம்மாவ எடுத்துக்கினு பக்கத்துல ஒரு புடி புடிச்சுக்கோ" என்பார். சுற்று வட்டாரத்தில் பதினைந்து ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்குப் புரிகிறது. முப்பத்தாறு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ராஜப்பன் வீட்டம்மா எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் வெங்கடம்மாளின் காதுக்கு எட்டியது. வண்டி கட்டிக்கொண்டு வந்து கடைமுன் இறங்கினார்.

"என்னா பீ, எம்பேரச் சந்தையில கூவிக்கூவி விக்கிறியாமே?"

"ஆமாக்கா. உம்பேரச் சொன்னா பொம்பளைங்க கண்ண மூடிக்கினு வாங்கறாங்க. வேணாம்னா எடுத்துடறன். வேற யாரு பேர வைக்கட்டும், நீயே சொல்லு."

வெங்கடம்மாள் யோசித்தார். வேறொரு பெயர் அந்த இடத்தில் வருவதும் அவருக்குப் பிடிக்கவில்லை போலும். "எடுக்க வேணாம். கூவாத. மெதுவாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, தன் பெயரில் இரண்டு வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

அதோடு தீரவில்லை. வெங்கடம்மாளோடு வாய்க்கால் தகராறில் பேச்சில்லாத குடும்பங்கள் நாலைந்து உண்டு. "அவ அளவு எனக்கு வேணாம்" என்று அந்த வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே காத்தூன் பீயின் கடையில் ஐந்தாவதாக ஒரு குவியல் கோடியில் இருக்கிறது. அளவு அதேதான். பெயர் மட்டும் வேறு.

வாங்கும் இடத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டால் இத்தனை தொல்லை இல்லையே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் பக்கத்தில் அது நடக்காது. புதுத் துணியின் மூலையில் மஞ்சள் வைக்காமல் யாரும் உடம்பில் போட மாட்டார்கள். மஞ்சள் வைத்துவிட்டாலோ அது ஒருத்தியின் துணி ஆகிவிடுகிறது. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான், எடுத்தாலும் இன்னொருத்தி வாங்க மாட்டாள். போட்டுப் பார்க்க மஞ்சள் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் போட்டுப் பார்த்துப் பிரயோஜனமில்லை. இந்த முடிச்சுக்குள்தான் காத்தூன் பீயின் வியாபாரம் நடக்கிறது.

அவர் அளவெடுப்பது கையில். மார்பையும் இடுப்பையும் கண்ணாலேயே பார்த்துவிட்டு, முழங்கைக்கு மேலே புஜத்தை மட்டும் தன் இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். "கை நொழையலன்னா மாரு எங்க போயி நிக்கும்? தண்டுல தைக்கறவன் களி கிண்டற கையப் பாத்திருக்க மாட்டான். அவன் ஊரு பொம்பளைங்க கையி பேனா மாதிரி இருக்கும்" என்பார். எங்கள் பெண்கள் விடிந்தால் கேழ்வரகுக் களி கிண்டுகிறவர்கள், ஏற்றச் சாலில் தண்ணீர் தூக்குகிறவர்கள். மார்பு முப்பத்துநாலாக இருந்தாலும் கை நாற்பதாக இருக்கும். எந்தத் தையல்காரனின் எண்ணும் கையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதையெல்லாம் நான் கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பூவம்மாக்காவின் விண்ணப்பத்தை என் கையால் பூர்த்தி செய்யும் வரை.

பூவம்மாள் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பத்து வருஷமாக எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகளில் பாதி அவர் கையில் விழுந்தவை. இரண்டு வருஷத்துக்கு முன்பு கிணற்று வெடி வேலையில் அவருடைய கணவர் கோவிந்தனுக்குக் கால் போயிற்று. அதன் பிறகு, பிரசவம் பார்த்த வீட்டில் கொடுக்கும் படி அரிசியில்தான் நான்கு ஜீவன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் ஒரு சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குக் காகிதம் வந்தது. ஆயா வேலை, நிரந்தரம். வெள்ளைப் புடைவையும் ரவிக்கையும் ஆஸ்பத்திரியே கொடுக்கும். இணைத்துள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

எங்கள் ஊரில் பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு. படிவம் என்னிடம் வந்தது. பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. ஒன்பதாவது கட்டம்: ரவிக்கை அளவு (எண்).

"நூல் ஒண்ணு சுத்திப் புடிச்சு எடுத்துக்கினு வா அக்கா" என்றேன். உள்ளே போய் நூலை மார்பில் சுற்றி எடுத்து வந்தார். பள்ளிக்கூட அடிக்கோலில் வைத்து அளந்தேன். முப்பத்துநாலு அங்குலம். மையால் அழுத்தமாக 34 என்று எழுதினேன். அங்குலம் எல்லா ஊரிலும் அங்குலம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூவம்மாக்கா எழுந்து போகவில்லை. "தம்பி, மங்கம்மாவுக்கும் முப்பத்துநாலுன்னுதான் எழுதி அனுப்பினாங்க" என்றார்.

மங்கம்மா சென்ற வருஷம் இதே வேலைக்குப் போனவர். எங்கள் ஊர்தான். பதினோராம் நாள், கட்டிலிலிருந்து ஒரு நோயாளியைத் தூக்கும்போது ரவிக்கை அக்குளில் பிடித்து, விலா வரைக்கும் கிழிந்துவிட்டது. கூடத்தில் கம்பவுண்டர் இருந்தார். நோயாளியின் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மங்கம்மா புடைவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தவர், அன்று சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார். திரும்பப் போகச் சொல்லி யாராலும் அவரை அசைக்க முடியவில்லை. வேலையில் விருப்பமில்லை என்று அங்கே எழுதி மூடிவிட்டார்களாம்.

"அவங்க அளந்து எழுதியிருக்க மாட்டாங்க அக்கா. நான் அளந்து எழுதியிருக்கேன்."

"மங்கம்மா என்னைவிட ஒல்லி தம்பி" என்றார் பூவம்மாக்கா. "ஒரு காகிதம் வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. இன்னொண்ணு வராது. காத்தூன் பீயி ஒரு வார்த்த சொல்லட்டும், அப்பறம் தபால்ல போடு."

படித்தவன் எழுதியதைச் சந்தைக்காரி சரிபார்ப்பதா என்று எனக்கு லேசாக உறைத்தது. ஆனாலும் போனேன்.

காத்தூன் பீ படிவத்தை வாங்கித் தலைகீழாகப் பார்த்து, பிறகு நேராகப் பிடித்து, 34 என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். "இந்தப் பக்கம் திரும்பு தம்பி. இன்னிக்கு உனக்கு மட்டும் சட்டம் கெடையாது" என்றார். இன்னும் நறுக்காத மூட்டையிலிருந்து முப்பத்துநாலாகப் பார்த்து மூன்று ரவிக்கைகளை உருவினார். பெங்களூரை அடியில் விரித்தார். அதன்மேல் சேலம். அதன்மேல் ஓசூர். மூன்றும் மாடிப்படி போல ஒன்றுக்குள் ஒன்று ஒதுங்கி நின்றன. அடியில் இருந்ததற்கும் மேலே இருந்ததற்கும் நான்கு விரற்கடை வித்தியாசம்.

"இதுல எது நீ எழுதின முப்பத்துநாலு?"

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஜமீர் அகமது, மாடுகளைப் பார்த்தபடியே, "எம்.ஏ. படிச்சாலும் தெரியாது தம்பி. வருத்தப்படாத" என்றார்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு யாரு தைக்கறான்னு தெரியணும்" என்றார் காத்தூன் பீ. "நம்பரப் பாத்தாத் தெரியாது. தையலப் பாத்தாத்தான் தெரியும். மங்கம்மா அந்த ரவிக்கைய வெச்சிருக்காளா?"

மங்கம்மா வைத்திருந்தார். ஆனால் ரவிக்கையாக அல்ல. அதை முறுக்கிச் சுற்றி, தண்ணீர்க் குடம் வைக்கும் சும்மாடாக ஆக்கி, ஒரு வருஷமாகக் குடத்தடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். பூவம்மாக்கா போய்க் கேட்டபோது முதலில் தர மறுத்தாராம். "அது அந்த எடத்துலதான் இருக்கணும்" என்றாராம். கடைசியில், பதிலுக்குப் புதிதாக ஒரு சும்மாடு சுற்றித் தந்துதான் வாங்க முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சும்மாட்டைக் காத்தூன் பீ பிரித்தார். ஈரமும் எண்ணெயும் ஊறிக் கட்டியாகிப்போன துணி. வெளிப்பக்கம் பார்க்கவேயில்லை, உள்ளே புரட்டி, தையல் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். கைப்பகுதியை முகர்ந்துகூடப் பார்த்ததாக எனக்கு ஞாபகம்.

"இவன் ஆபீசு சேவகருங்களுக்குச் சட்ட தைக்கறவன்" என்றார். "ஆம்பளச் சட்டைய வெட்டிக் குறுக்கி ரவிக்கைன்னு அனுப்பறான். இவன் கழிச்ச சரக்கு ஒரு மூட்டை எங்க வூட்டுக்காரரு ஒருக்கா வாங்கியாந்தாரு. முப்பத்துநாலு, முப்பத்தாறு, நாப்பது, எல்லாமே இருந்துச்சு. ஒடம்பு மட்டுந்தான் வேற வேற. கையி அத்தனைக்கும் ஒண்ணு. ஒரே அட்டய வெச்சு எல்லாக் கையயும் வெட்டறான்."

"அப்ப நாற்பதுன்னு மாத்தி எழுதிடலாமா?" என்றேன்.

"நூறுன்னு எழுது. ஒடம்பு கூடாரமாட்டம் வரும். கையி இதேதான் வரும்."

பூவம்மாக்கா சாக்கில் உட்கார்ந்தார். சுற்றிலும் பேரம் நடந்துகொண்டிருந்தது. "அப்ப நானும் பத்து நாள்ல வந்துருவன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எழவு வூட்ல ஒக்காந்தாப்பல ஒக்காராத. எழுந்திரு" என்றார் காத்தூன் பீ. "தம்பி, அந்தக் காகிதத்துல கையி அளவு எழுத எடம் இருக்குதா?"

படிவத்தை மறுபடியும் மேலிருந்து கீழே படித்தேன். அப்படி ஒரு கட்டம் இல்லை. "கட்டத்துக்கு வெளியே எதுவும் எழுதக் கூடாதுங்க. எழுதினா தள்ளிடுவாங்க" என்றேன்.

"எழுதாட்டி இவள உள்ள வெச்சுக்குவாங்களா?"

படிவத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

காத்தூன் பீ பெட்டியைத் திறந்து வெள்ளை நாடா ஒன்றை எடுத்தார். பூவம்மாக்காவின் வலது கையை மடக்கச் சொல்லி, களி கிண்டுவதுபோல இறுக்கச் சொல்லி, புஜம் திரண்ட இடத்தில் நாடாவைச் சுற்றினார். இரண்டு விரலை உள்ளே நுழைத்து இடம் விட்டார். அந்த இடத்தில் பல்லால் கடித்து அறுத்தார். அந்தத் துண்டை ஒன்பதாம் கட்டத்தின் மேலேயே வைத்து, குண்டூசியால் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார். நான் அழுத்தமாக எழுதிய 34 நாடாவுக்கு அடியில் போய்விட்டது.

"சர்க்கார் காகிதத்துல துணிய குத்தலாங்களா?"

"எங்க எழுதியிருக்குது குத்தக் கூடாதுன்னு? படிச்சுச் சொல்லு."

அப்படியும் எழுதியிருக்கவில்லை. மனசு கேட்காமல் ஓரத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன்: "இத்துடன் இணைத்துள்ள நாடா விண்ணப்பதாரரின் வலது புஜச் சுற்றளவாகும், ரவிக்கையின் கைப்பகுதி இதற்குக் குறையாமல் தைக்கப்படும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது." படித்துக் காட்டினேன். காத்தூன் பீ பொறுமையாகக் கேட்டார். "உன் எழுத்து அழகாத்தான் கீது. ஆனா தையக்காரன் படிக்க மாட்டான். நாடாவத்தான் பாப்பான்" என்றார்.

உறை சற்றுத் தடித்திருந்தது. தபாலாபீசில் அதைத் தடவிப் பார்த்து, "உள்ள என்னா?" என்று கேட்டார்கள். "கை" என்றார் பூவம்மாக்கா.

ஆறு வாரம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்தூன் பீ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவருக்கு வேலை இருந்தது. முகூர்த்த நாட்கள் நெருங்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்த பதினைந்து நிமிஷத்தை வைத்து அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பொண்ணு ஒக்காந்திருந்துச்சு பீயம்மா, போத்திக்கினு இருந்துச்சு, ஒண்ணும் தெரியல" என்று ஒரு மாமியார். "காப்பி குடுக்கறப்ப கைய நீட்டியிருக்குமே, அதயாச்சும் பாத்தியா?" என்று இவர். அந்த மாமியார் பார்த்திருந்தார். ஃபகருன்னிசா குவியலில் ஒன்று மடிப்புக் கலையாமல் போயிற்று.

ஏழாம் வாரம் பார்சல் வந்தது. திங்கட்கிழமை வந்து வேலையில் சேர வேண்டும் என்ற உத்தரவும் கூடவே வந்தது. பூவம்மாக்கா அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் போட்டுப் பார்க்க வேண்டும், போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று நாள் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்து, வெள்ளிக்கிழமை காலையில் அப்படியே சந்தைக்குக் கொண்டுவந்தார். துணிக்கு மஞ்சள் வைக்க வழியில்லாததால், பழுப்புக் காகித உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி முத்திரையின்மேலும் ஒரு பொட்டு.

கூட்டம் நல்ல கூட்டம். காத்தூன் பீ சணல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு வெள்ளை ரவிக்கைகள். ஒன்றின் கழுத்தில் நீல மையில் 34 என்று முத்திரை. இன்னொன்றில் 40. ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டயும் பெரிய ஒடம்பா வெட்டிட்டு, கையில கெடச்ச நம்பர அடிச்சிருக்கான்" என்றார், எதிர்பார்த்ததைப் பார்த்தவர் போல. கைப்பகுதியை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. நாற்பதை எடுத்துப் பூவம்மாக்காவின் தோளில் போட்டு, "போ. மாட்டிக்கினு வா" என்றார். கடைக்குப் பின்னால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் சாந்தம்மாவும் இன்னொரு பெண்ணும் ஒரு புடைவையை விரித்துப் பிடித்தார்கள். நான் ஜமீர் அகமதுவின் பக்கத்தில் உட்கார்ந்து மாடுகளைப் பார்த்தேன். ஒரு காளையின் பல்லை யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். நேரமாயிற்று. ஜமீர் அகமது பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார்.

"திரும்பலாம்" என்றார் காத்தூன் பீ.

பூவம்மாக்கா தன் பழைய சிவப்புப் புடைவைக்கு மேலாக வெள்ளை ரவிக்கைக் கைகள் தெரிய நின்றுகொண்டிருந்தார். உடம்புப் பகுதி கூடாரமாகத்தான் இருந்தது; இடுப்பருகே இரண்டு பேர் குடியிருக்கலாம். "இவளோட இவ புருசனும் உள்ளதான் கீறான் போல" என்றாள் புடைவை பிடித்த பெண். யாரோ சிரித்தார்கள். பூவம்மாக்கா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளே ஏதோ உடைந்துவிடும் என்பது போல நின்றார்.

"கையத் தூக்கு" என்றார் காத்தூன் பீ.

அவர் தூக்கவில்லை.

"தூக்கு பூவம்மா. இங்க கிழிஞ்சா நான் தெச்சுக் குடுப்பன். அங்க கிழிஞ்சா யாரு இருக்கா?"

பூவம்மாக்கா கண்ணை மூடிக்கொண்டு கைகளைத் தூக்கினார். முதலில் தோள் வரை, நின்றது. பிறகு காது வரை. பிறகு நேராகத் தலைக்கு மேலே, மச்சிலிருந்து மூட்டையை இறக்குகிறவரைப் போல. துணி கிழியும் சத்தத்துக்காக எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். மாடுகளின் கழுத்து மணிச் சத்தம்தான் கேட்டது.

காத்தூன் பீ பெட்டியிலிருந்து எழுந்தார். அக்குள் தையலுக்கு அடியில் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார், வலது பக்கம் ஒருமுறை, இடது பக்கம் ஒருமுறை. நாடாவில் விட்ட அதே இரண்டு விரல் இடம் இருந்தது. பூவம்மாக்கா கண்ணைத் திறக்காமல், கைகளை இறக்காமல் அப்படியே நின்றிருந்தார். குவியலுக்கு அப்பால் நாலைந்து பெண்கள் விலை கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காத்தூன் பீ அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பூவம்மாக்காவின் மணிக்கட்டுகளைப் பிடித்து, அந்த இரண்டு கைகளையும் மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.